மலைக்கு முதுகு காட்டியவர்

கம்மாபுரம் பக்கத்துச் சிறிய சந்தையில் பலாச்சுளை விற்ற அம்மாள் அவர். மற்ற வியாபாரிகள் காலை வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் மேற்கே தெரிந்த மலைக்கு முதுகு காட்டி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"விடியக்காலைல அந்த மலைமேல நடந்துட்டு வரேங்க. ரொம்ப அழகா இருக்கு" என்றேன்.

"அது மலை இல்லிங்க சார். சுரங்கத்துக்காக எங்க ஊரத் தோண்டிக் கொட்டுன மண்ணு." கை நிற்கவில்லை. சற்றுப் பொறுத்து, "மேல ஒடைஞ்ச ஓடு ஏதாச்சும் கெடந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லிங்க" என்றேன். ஞாபகத்துக்காகப் பொறுக்கிய ஓட்டுச்சில்லு என் பையில்தான் இருந்தது. ஏன் பொய் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. யார் வீட்டுக் கூரையோ, என் மேசையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.