பதினேழை விடுங்கோ

என் பையின் உள்மடிப்பில் ஒரு வெள்ளை லேபிள் ஒட்டியிருக்கிறது. அதில் நீல மையில் 17 என்று எழுதியிருப்பது மிஸ்ஸின் கையெழுத்து.

கொட்டாஞ்சேனைக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், பல கம்பனிகளின் சேர்வர்கள் அடுக்கியிருந்த குளிரறைக்கு நான் கேபிள் இழுக்கப் போனேன். அதற்கு முன் இரத்மலானையில் சாமான் ஏற்றினேன், தெமட்டகொடையில் பெயின்ட் அடித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிஸ் அங்கே நெட்வேர்க் இஞ்சினியர், யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார்.

அதுவரை அந்த அறையில் எந்த மெஷினிலிருந்தும் எந்த மெஷினுக்குள்ளும் போகலாம். மிஸ் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஏன் என்று கேட்டேன். "கோயிலுக்கு வாற எல்லாரும் மடப்பள்ளிக்குள்ள போறதோ தம்பி?" என்றார். மடப்பள்ளி என்று அவர் சொன்னது ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தின் முடிவுகள் இருந்த பகுதியை. எந்தெந்த மெஷின் அதற்குள் போகலாம் என்பதைத் திரையில் குறிக்க எனக்கும் பழக்கியிருந்தார். கேபிள்காரனுக்கு அதெல்லாம் எதற்கு என்று மேலாளர் முணுமுணுத்தார். கூட வேலை செய்தவர்கள் என்னை எட்டாம் வகுப்பு இஞ்சினியர் என்றார்கள்.

ஒரு காலை மிஸ் பஸ்ஸில் வந்துகொண்டே, மடப்பள்ளிக்குள் போகலாமென்ற மெஷின்களின் இலக்கங்களைப் போனில் சொன்னார். நான் குறித்துக்கொண்டே போனேன். "பதினஞ்சு, பதினாறு. பதினேழை விடுங்கோ. பதினெட்டு." பதினேழு, வெளியாட்கள் இன்டர்நெட் வழியாக நுழைந்து பழுதுபார்க்கும் பழைய மெஷின். மற்றவற்றுக்கு வெறும் இலக்கம், இதற்கு மட்டும் ஏன் விடுங்கோ? தவிர்க்கச் சொல்கிறார் என்று மனதில் பட்டது. உள்ளே விடச் சொல்கிறாரோ என்றும் பட்டது. அன்று ஏற்கனவே இரண்டு தடவை கேட்டுவிட்டேன், பக்கத்தில் சிரித்தார்கள். மூன்றாம் தடவை கேட்க வெட்கப்பட்டுப் பதினேழையும் குறித்தேன்.

ஒரு கிழமைக்குள் அந்த வழியாக யாரோ புகுந்து, பரிசோதனை முடிவுகளையெல்லாம் திறக்க முடியாமல் பூட்டிவிட்டார்கள். இரத்தம் கொடுத்தவர்கள் இரண்டு நாள் முடிவில்லாமல் அலைந்தார்கள்.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, மிஸ் என்ன சொன்னார் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். தமிழில் விடுங்கோ என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம். சிங்களத்தில் முடியாது, உள்ளே எடுப்பதற்கு ஒரு சொல், தவிர்ப்பதற்கு வேறொன்று. ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். "எதுலட்ட கன்ன கிவ்வா சேர்" என்றேன். உள்ளே எடுக்கச் சொன்னார் என்று.

மிஸ் மறுத்தார். ஆனால் இப்படியான வேலையைப் போனில் ஒரு கேபிள்காரனிடம் கொடுத்ததே குற்றம் என்று மேலாளர் முடித்துவிட்டார். அந்த மாதம் நிரந்தரமாகவிருந்த மிஸ்ஸின் வேலை பறிபோயிற்று. வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாக, "விளங்காட்டிக் கேட்டிருக்கலாமே தம்பி. நான் ஏசியிருக்க மாட்டன்" என்றார். உள்ளே திரும்பிப்போய் அந்தச் சொல்லை மாற்றியிருக்கலாம், மேலாளரின் கதவு திறந்துதான் கிடந்தது. போகவில்லை. பதினேழைக் கழற்றி எறிந்த அன்று லேபிளை மட்டும் உரித்தெடுத்தேன். கொஞ்ச நாளில் நானும் அங்கிருந்து போய்விட்டேன்.

இப்போது வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியின் கேற்றில் காவலுக்கு இருக்கிறேன். யாராவது வந்தால் மேலே போன் பண்ணிக் கேட்க வேண்டும். "விடுங்கோ" என்பார்கள். "உள்ள விடவா, இல்ல வேணாமா?" என்று ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கேட்கிறேன். போன கிழமை நாலாம் மாடி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உமக்குத் தமிழ் விளங்காதோ?" என்றார்.

பைக்குள் கைவிட்டு அந்த லேபிளைத் தடவிக்கொண்டு, "வெளங்கும் அம்மா" என்றேன்.

அன்றைக்கும் விளங்கியது.