முன்ஷியின் வாய்க்கு ஒரு பீடா

லீலாதர் சேட்டின் அந்தேரி ஸ்டூடியோவில் ஒரு சட்டம் இருந்தது. கேமரா சுழலுமுன் டைரக்டர் வஜாஹத் பேக்கின் வாயில் ஒரு பீடாவை அடைத்துவிட வேண்டும். சேட் தன் வெள்ளிப் பெட்டியைத் திறந்து, தன் கையாலேயே ஊட்டுவார். அன்பினால் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மனுஷன் வாயை மூடத்தான்.

வஜாஹத்தின் வாய்க்கு ஒரு பழைய வியாதி. கவிஞனாக வேண்டுமென்று ராம்பூரிலிருந்து கிளம்பி வந்தவருக்கு பம்பாய் கொடுத்த முதல் வேலை, பேசாத படங்களுக்குப் பேசுவது. கிராண்ட் ரோடு கொட்டகை ஒன்றில் திரையில் எழுத்து வந்ததும் உரக்கப் படிக்க வேண்டும். முன் பெஞ்சுகளில் மில்காரர்களும் துறைமுகக் கூலிகளும். எழுத்து தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ராணிக்கு ஒரு குரல், ராட்சசனுக்கு ஒரு குரல் என்று பதினோரு வருஷம் படித்தார். யாரோ எழுதியதைச் சும்மா படித்துவிட்டுப் போக அவர் என்ன கிளிப்பிள்ளையா? இரண்டு வரிக்கு நடுவே தன் வரி ஒன்றையும் சொருகிவிடுவார். பெஞ்சுகள் அழும்.

அப்புறம் படமே பேச ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கி உள்ளே வந்தது, அவர் வெளியே வந்தார்.

பாட்டெழுதத் தெரியும் என்பதால் லீலாதர் சேட் ஒரு மேசையும் மைக்கூடும் தந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று கொட்டகை ஜனம் வைத்த முன்ஷி என்ற பட்டமும் கூடவே வந்தது. ஐந்து படங்களுக்கு எழுதினார். ஆனால் கண்ணை மூடினால் அவருக்குள் வேறு படங்கள் ஓடின. ரயிலில் போகும்போதும் ஓடும். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய் மாஹிமில் முழித்துக்கொண்டு நிற்பார். ஆறு மாதம் சேட்டின் பின்னாலேயே நடந்து, ஒரு படத்தை டைரக்ட் செய்யும் வாய்ப்பை வாங்கிவிட்டார்.

முதல் நாளே கூத்து. கதாநாயகி பன்னாஜான் பேச வாயைத் திறந்தாள். இவர் வாயும் கூடவே திறந்தது. அவள் வசனத்தை இவரும் சொல்லி, இரண்டு சுருள் பாழ்.

"முன்ஷி, இன்னொரு தடவை உங்க குரல் படத்துல விழுந்தா நேரா மேசைக்குப் போயிடணும். கேமரா பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது," என்றார் சேட். அன்றைக்குப் பிறந்ததுதான் பீடாச் சட்டம். வாய் நிறைய பீடாவோடு, வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டி ஆட்டியே வஜாஹத் ஏறக்குறைய முழுப் படத்தையும் எடுத்து முடித்தார்.

கடைசிப் பாட்டு ஒன்றுதான் பாக்கி. ஈத் அன்று படம் கொட்டகைக்கு வந்தாக வேண்டும். பாட்டும் படத்தோடு சேர்ந்தே பதிவாகும் காலம் அது; ஸ்டூடியோ மாந்தோப்பில் எல்லாம் தயார்: சாரங்கிக்காரர் புதருக்குப் பின்னால், தபலா பீரு மியான் கிளையில் கட்டிய பலகை மேல், மைக் மரப்பொந்துக்குள். மிச்சமிருந்தது ஒரே ஒரு சுருள் ஃபிலிம். சேட் பெட்டியைத் திறந்து பீடாவை நீட்டினார்.

"சேட்ஜி, இன்னைக்கு முதல் நோன்பு," என்றார் வஜாஹத்.

சேட்டின் கை அந்தரத்தில் நின்றது. "அரே ராம்! இத நான் யோசிக்கவே இல்லையே. பொழுது சாஞ்சதும் எடுத்தா?"

"வெளிச்சம் போயிடும். பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

பன்னாஜான் சிரித்தாள். "உங்க பல்ல நம்பி நான் பாடணுமா, முன்ஷிஜி? துப்பட்டா தரேன், வாயச் சுத்திக் கட்டிக்கங்க."

மரத்து மேலிருந்து பீரு மியான் குரல் கொடுத்தார்: "கட்டுறதுன்னா சீக்கிரம் கட்டுங்கப்பா. எறும்பு என்னைத் தின்னுது!"

தோப்பை ஒட்டிய பாதையில் ரயில் போகட்டும் என்று காத்திருந்தார்கள். போயிற்று. அதன் புகை தோப்புக்குள் வந்து, இலைகளின் ஊடே இறங்கிய வெயிலில் அப்படியே தங்கிவிட்டது. துப்பட்டாவை வாங்காமலே வஜாஹத் கைக்குட்டையை உயர்த்தினார். கடலுக்குப் போன கணவனை நினைத்து ஒருத்தி பாடும் பாட்டு. வெறும் வயிறு, வறண்ட நாக்கு. உடம்பு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. புகையில் விழுந்த வெளிச்சம் பழைய கொட்டகையின் வெளிச்சமாயிற்று. எங்கோ பெஞ்சுகள் காத்திருந்தன. கடைசி வரி வந்தது: 'மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும் மரம் நான்.' அது எத்தனை இதமாக இருக்கிறது என்று நினைத்தார். அப்புறம்தான், பாடிக்கொண்டிருப்பது தானும் என்று உறைத்தது.

கைக்குட்டை கீழே விழுந்தது. பன்னாஜான் மட்டும் அசராமல், குரல் வந்த திசையில் கண்ணை உயர்த்தி, பாட்டை முடித்துவிட்டே நின்றாள். வஜாஹத் மரத்தடியில் உட்கார்ந்து குழந்தையாட்டம் அழுதார்.

சேட் திட்டக்கூட இல்லை. "வேற சுருள் கிடையாது. இப்படியே போகட்டும். ஈத் அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து நீங்களும் பாருங்க. ஜனம் சிரிச்சா மறுநாள் மேசை."

ஈத் அன்று கிராண்ட் ரோட்டில் அதே கொட்டகை. அதே பெஞ்சுகள், புதுச் சட்டைகள், அத்தர் வாசனை. பாட்டு வந்தபோது வஜாஹத் கண்ணை மூடிக்கொண்டார். பன்னாஜானின் குரலுக்கடியில் அந்தக் கட்டைக் குரல் எழுந்தது. திரையில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான்.

"டேய், இது நம்ம முன்ஷிடா! படிப்பாரே, அவரு!"

"அட ஆமாம்டா! எங்கய்யா போயிருந்தீங்க இத்தனை நாளா?"

சீழ்க்கை ஓயுமுன் அடுத்த காட்சி வந்துவிட்டது. கணவனிடமிருந்து கடிதம். திரை முழுக்க நாலு வரி எழுத்து, சத்தமில்லை. வஜாஹத் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷம் இவர்களுக்குப் படித்தவர், இவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதையே மறந்து படம் எடுத்திருந்தார். கொட்டகை திரையைப் பார்த்து விழித்தது.

"முன்ஷிஜி! இங்கதான எங்கயோ இருக்கீங்க? என்னதான் எழுதிருக்கு, படிங்களேன்!"

வஜாஹத்தின் வாய் திறந்தது. பக்கத்தில் பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. சேட்டின் கை பீடாவோடு அவர் உதடு வரை வந்து, நின்று, திரும்பிப் போய், அதைச் சேட்டின் வாயிலேயே போட்டது.

"படிங்க, டைரக்டர் சாகேப்," என்றார் சேட், வாய் நிறைய. "ஜனம் கேக்குதில்ல?"

வஜாஹத் எழுந்து நின்றார். கடிதத்தில் இருந்தது நாலு வரி. அவர் ஏழு வரி படித்தார்.