கருப்பையா சொன்ன இடத்தில்

ஆலங்குடி பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது கல்லூரி அலுவலகத்திலிருந்து பரமேஸ்வரி கூப்பிட்டார். "சார், நம்ம கருப்பையா சார் காலையில தவறிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாராம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கறம்பக்குடியில் அவர் வீட்டு வாசலில் எல்லோரும் நல்ல மனிதர் என்றார்கள்.

எங்கள் பாலிடெக்னிக்கில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

கல்லூரியின் மாணவர் பதிவு, ஹால் டிக்கெட் மென்பொருளை எழுதுவது நான். நெட்வொர்க், தற்காலிக உதவியாளரான அவர் பொறுப்பு. வெளியே போகும் எல்லா இணைப்பும் அவர் அறையிலிருந்த ப்ராக்ஸி கணினி வழியாகத்தான் போகும். அது ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, கல்லூரியின் முத்திரையைக் குத்தி அனுப்பும். நான் யாரிடமும் படித்து இந்த வேலைக்கு வந்தவன் அல்ல. என் வேலையை இன்னொரு கணினி பிரித்துப் பார்ப்பது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை.

ப்ராக்ஸி வந்த புதிதில், அந்த முத்திரையை என் கணினி நம்புவதற்கான சர்டிபிகேட் கோப்பை அவரே கொண்டு வந்தார். நிரல் மாற்றங்களைப் பதிந்து சர்வருக்கு அனுப்பும் கிட் மென்பொருளுக்கு அது தேவை. "இதைத் தனி ஃபோல்டர்ல வச்சு, கிட்டுக்கு இடத்தை மட்டும் காட்டுங்கண்ணே. அதோட கூடவே வர்ற சொந்தக் கோப்புல ஒட்டிராதீங்க. அப்டேட் வந்தா அழிஞ்சுரும்" என்றார். அவர் அங்கிட்டுப் போனதும் சொந்தக் கோப்பிலேயே ஒட்டினேன். வேலை செய்தது. எனக்கு அது போதும்.

இரண்டு ஆண்டு கழித்து, ஹால் டிக்கெட் அச்சாக நான்கு நாள் இருந்தபோது கிட்டை அப்டேட் செய்தேன். அதன்பின் ஒரு மாற்றமும் சர்வருக்குப் போகவில்லை. எழுபது பேருக்குப் பாடக் குறியீடு தவறாக இருந்தது. திருத்தம் என் கணினியிலேயே கிடந்தது. ப்ராக்ஸி முகவரியை மாற்றிப் பார்த்தேன், கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தேன், பழைய பதிப்பை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. குற்றம் ப்ராக்ஸியுடையது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். அவர் அறைக்குப் போய்க் கேட்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன்.

அன்று மதியம் அவராகவே வந்தார். கிட் காட்டிய பிழையைப் படித்தார், கிட்டின் சொந்தக் கோப்பைத் திறந்து பார்த்தார். அப்டேட் அதைப் புதிதாக மாற்றியிருந்தது. நான் ஒட்டியது இல்லை. தனி ஃபோல்டர் போட்டு, சர்டிபிகேட்டை வைத்து, ஒரு வரி தட்டினார். "இப்ப அனுப்புங்கண்ணே." போய்விட்டது.

அதற்குள் முதல்வரிடமிருந்து விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ போயிருந்தது. யார் பிழை என்று அவர் பதிலில் எழுதவில்லை, இணைப்பு சரிசெய்யப்பட்டது என்று ஒரே வரி. மறுநாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். "புகாரை நல்லா எழுதியிருந்தீங்கண்ணே. படிச்சதும் எனக்கே என் மேல கோவம் வந்துருச்சு." நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அந்த ஆண்டு தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்கினார்கள். அவர் கோப்பில் என் கடிதம் இருந்தது. அவர் பெயர் நின்றுபோனது. அடுத்த முறையும் நின்றது. சாகும்போதும் தற்காலிக உதவியாளர்தான். ஒரு பக்கம் எழுதியிருந்தால் சரியாகியிருக்கும். நான் எழுதவில்லை. ப்ராக்ஸி இல்லாவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்து, புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொண்டுபோனேன். பரமேஸ்வரி படித்துவிட்டு, "இனிமே எதுக்குங்க சார்?" என்றார். கோப்பில் வையுங்கள் என்றேன். வைத்தார்.

போன வாரம் கிட் மறுபடி அப்டேட் ஆனது. எழுதியதை அனுப்பினேன், உடனே போனது. அவர் போட்ட ஃபோல்டருக்கு 'அண்ணன்' என்று பெயர் வைத்திருக்கிறார். இத்தனை நாள் நான் பார்க்கவில்லை. அதை மாற்றப் போவதில்லை.