ஜபாரின் ஊர்ச் சாட்டு

நண்பகல் லுஹர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் உப்பு வாரும் பலகையை வரப்பில் சாத்திவிட்டு ஜபார் ஒளுச் செய்யப் போய்விட்டார். கைகால் கழுவ இருபது நிமிடம், ஈரம் காய இருபது நிமிடம். மிச்ச நேரம் பாத்தியைப் பார்த்து, "இன்னம் ரெண்டு வெயில் படட்டும், உப்பு நல்லா இறுகும்" என்று சொல்வதற்கு. பாலாவி உப்பளத்தில் இது எல்லாருக்கும் பழகிப்போன கதை.

வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு என்பார்கள். ஜபாருக்கு ஊர்ச் சாட்டு. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து விரட்டப்பட்டு வந்தவர். யுத்தம் முடிந்த பிறகு மாதம் ஒரு தரம் முதலாளி றஊப் முன்னால் போய் நிற்பார்.

"காணி காடாக் கெடக்கு மொதலாளி. போய் வெட்டிப்போட்டு வாறன்."

"ஊர் விசயத்துக்கு நான் இல்லெண்டு சொல்ல ஏலுமா? போங்க."

மன்னார் பஸ்ஸைப் போகவிட்டு, கல்பிட்டி பஸ்ஸில் ஏறித் தலவிலயில் இறங்குவார். அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால், கடற்கரை மணலில் விரலால் தன் ஊரைக் கீறுவார். பள்ளிவாசல், மனைவி மர்ளியாவைப் பெண் பார்த்த வீடு, மழைக்கு ஒழுகிய பள்ளிக்கூடம். மெழுகுதிரி விற்கும் அனஸ்தாசியா அந்தப் பக்கம் வந்தால், "நானா, உங்கட வீட்டுக்கு மேலால நடந்திட்டனா?" என்று கேட்டு விலகிப் போவாள்.

முதல் தரம் மட்டும் அவர் உண்மையாகவே மன்னாருக்குப் போனார். பற்றைக் காட்டுக்குள் அரைநாள் அலைந்தும் தன் வீடு நின்ற இடம் பிடிபடவில்லை. மனிதர் உட்கார்ந்து அழுதுவிட்டார். மர்ளியாவின் மனதிலாவது அந்த வீடு கூரையோடு நிற்கட்டும் என்று, "கிணறு இறைச்சாச்சு, சுவர் நல்லாத்தான் இருக்கு" என்று வந்து சொன்னார். பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு பொய் சேர்ந்தது.

போன வெள்ளிக்கிழமை பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவரின் பக்கத்தில் மர்ளியா பையோடு வந்து நின்றாள்.

"நானும் வாறன்."

"நீ என்னத்துக்கு?"

"காடு வெட்டப் போறவர்ட சாரத்துல ஒரு முள்ளுக் கிழிசல் இல்ல. துவைக்கக்குள்ள கடல் மண்ணுதான் கொட்டுது. நாலு வருசமாக் கேக்காம இருந்தன்."

ஜபார் குனிந்து தன் சாரத்தைப் பார்த்தார். "அங்க ஒண்டும் இல்ல, மர்ளியா. ஊடு எதெண்டே எனக்குத் தெரியல்ல."

"தெரியாட்டித் தேடுவம். கத்தி கொண்டு வந்திருக்கன்."

கொழும்பிலிருந்து மன்னார் போகும் பஸ் தூரத்தில் தெரிந்தது. ஜபார் அவள் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு தெருவில் இறங்கி நின்று கை காட்டினார்.