நான் அழித்த செய்திகள்

வேலை பறிபோய்விடும் என்ற பயத்தில்தான் அந்த இணையத்தளத்தில் சேர்ந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் அளவை உதவியாளராக இருந்தேன். ஒரு கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து, அதற்கு எவ்வளவு கொங்கிரீட், எவ்வளவு கம்பி, எத்தனை கல் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் வேலை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது ஒன்று, மேசையில் வந்து விழுந்தது வேறொன்று. முதல் பெரிய வேலையிலேயே ஒரு மாடியின் கொங்கிரீட்டைக் கூடுதலாகக் காட்டிவிட்டேன். அலுவலகத்தில் எனக்கு மேலிருந்த பெரியவர் சிங்களவர், சத்தம் போடாத மனிதர். தாள்களைத் திருப்பித் தந்து, "ஆயெத் மனின்ன" என்று மட்டும் சொன்னார். திரும்ப அளக்கச் சொன்னால் அளக்கலாம். எங்கே பிழைத்தது என்று தெரியாமல் அளந்தால் அதே பிழைதான் வரும்.

அப்போது நான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்திருந்தேன். ஒழுங்கை முகப்பில் ஒரு முஸ்லிம் நானாவின் இன்டர்நெட் கடை. வேலை முடிந்து வரும்போது அங்கே ஒரு மணித்தியாலம் இருப்பேன். உள்ளே போகுமுன் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். "பொலிசில சொல்லியிருக்காங்க தங்கச்சி, நான் என்ன செய்ய" என்று நானா ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்வார்.

அந்தத் தளத்தில் எங்கள் தொழில்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கொழும்பு, டோகா, துபாய், சென்னை. ஒருவர் கேள்வி போட, தெரிந்தவர் பதில் எழுதுவார். பரீட்சைத் தாள்கள், வேலை அறிவிப்புகள் எல்லாம் வரும். யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை; விவரப் பக்கத்தில் ஆணா பெண்ணா, எங்கே வேலை என்பது மட்டும் இருக்கும். நான் என் பிழையை அப்படியே எழுதிப் போட்டேன். அடுத்த நாள் ஒரு பதில் இருந்தது. கையால் கீறிய ஒரு படம், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி: பீமின் உயரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள், ஸ்லப்பின் மேலிருந்தா, கீழிருந்தா? பார்த்ததும் விளங்கிவிட்டது. மாடித் தட்டான ஸ்லப்பின் தடிப்பை, பீமோடு ஒரு தரமும் தனியாக ஒரு தரமுமாக, இரண்டு தரம் அளந்திருக்கிறேன்.

நன்றி எழுதினேன். இன்னொரு கேள்வி கேட்டேன். அதற்கும் அவர்தான் பதில் எழுதினார்.

யுத்த காலம் அது. ஒரு கிழமையில் இரண்டு நாள் ஆமியும் பொலிசும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து வீடு வீடாகப் பார்த்தார்கள். கடைக்குப் போக முடியவில்லை. ஏன் காணவில்லை என்று யாரோ தளத்தில் கேட்டதற்கு, எங்கள் பக்கம் பாதை மூடியிருந்தது என்று எழுதினேன். அன்று அவரிடமிருந்து தனிச் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"வெள்ளவத்தையா மிஸ்? எங்க பக்கமும் அப்படித்தான். நான் கொட்டாஞ்சேனை."

அப்படித்தான் அவரைத் தெரிந்துகொண்டேன். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்து, கொழும்பில் கட்டட வேலைக்குக் கூலியாகச் சேர்ந்து, அளப்பவர்களின் டேப்பைப் பிடித்துப் பிடித்தே தொழிலைப் படித்தவர். இப்போது ஒரு சின்ன ஒப்பந்தக்காரரிடம் வேலை. நான் எடுக்கவிருந்த அதே தொழிற்பரீட்சைக்கு அவரும் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வயது இளையவர்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரே வரைபடத்தை இருவரும் தனித்தனியே அளந்து, கணக்கை மாற்றிக்கொண்டோம். என் பிழையை அவர் பிடிப்பார், அவர் பிழையை நான். கம்பிக் கணக்கில் நான் கெட்டி. மண் வெட்டும் கணக்கில் அவரிடம் நான் ஒரு நாளும் வென்றதில்லை.

இடையில் சில மைல் தூரம்தான். ஆனாலும் சந்திப்போம் என்று இருவருமே எழுதவில்லை. இரண்டு தமிழர் ஒரு கடை மேசையில் கட்டட வரைபடத்தை விரித்துவைத்துக் கதைக்கக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. ஒருமுறை காலி வீதிச் சோதனைச் சாவடியில் என் பையிலிருந்த நாலு மாடிக் கட்டடத்தின் படத்தை விரித்து, "இது எந்தக் கட்டடம், உனக்கு எதற்கு?" என்று முக்கால் மணித்தியாலம் நிறுத்திவைத்தார்கள். பெரியவர் எழுதித் தந்திருந்த கடிதம்தான் காப்பாற்றியது. அதை அவருக்கு எழுதி, நீங்களும் முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள் என்றேன்.

"கேட்டேன் மிஸ். எழுதித் தர மாட்டேன்கிறார்" என்று பதில் வந்தது.

பிறகு டோகாவில் வேலை பார்க்கும் ஒருவர் தன் கம்பனிக்கு ஆட்கள் தேவை என்று தளத்தில் அறிவித்தார். இருவரும் விண்ணப்பித்தோம். அந்த அறிவித்தலின் கீழேயே, எல்லோரும் பார்க்க, அவர் எனக்காக எழுதினார்: இவருடைய கம்பிக் கணக்கு என்னுடையதைவிடச் சுத்தமானது. தனக்கும் வேலை தேடுகிற ஒருவர் அப்படி எழுதுவாரா என்று நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தொலைபேசியில் நேர்முகம் நடந்தது. எனக்குக் கிடைத்தது. அவருக்கு, அடுத்த சுற்றில் பார்க்கிறோம் என்றார்களாம்.

அதற்கு அடுத்த கிழமை அவருடைய கடைசிச் செய்தி வந்தது. அதில் இருந்ததை அவர் வார்த்தையிலேயே, என்னால் முடிந்தவரை சரியாகச் சொல்கிறேன்: நம்ம தளத்தில் என் விவரத்தைப் பார்த்ததாக ஒருவர் போன் எடுத்தார். வளைகுடாக் கம்பனிக்கு ஆள் எடுப்பவராம். திங்கட்கிழமை காலை இரத்மலானைக்கு, செய்த வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவர் பெயர் இது. உங்களுக்குத் தெரியுமா மிஸ், நம்ம தளத்தில் இருக்கிறாரா?

அந்தப் பெயரை அவர் எழுதியிருந்தார். நான் வாசித்தேன். எனக்கு அன்று கடவுச்சீட்டு வேலை, மருத்துவப் பரிசோதனை என்று ஆயிரம் அலுவல். "தெரியாது, தேடிப் பாருங்கள். நல்லது நடக்கட்டும்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு எழும்பிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை கணக்கு வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

அதற்கடுத்த கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் தளத்தைத் திறந்தேன். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அப்படியென்றால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். சாப்பாட்டை ஒதுக்கிவைத்தேன். "எங்கே போனீங்கள்? பயந்துபோனேன்" என்று எழுதினேன். வாசிக்கப்பட்டது என்று காட்டியது. பதில் இல்லை. இருபது நிமிடம் அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. பிறகு அணைந்தது.

அடுத்த நாளும் அதே நேரம் புள்ளி வந்தது. நான் எழுதவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில் மூன்றே சொல்.

"நீங்கள் யார்?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்க மாட்டார். அவரை யாரோ பிடித்துவிட்டார்கள், தளத்தில் அவருடைய கணக்கைத் திறந்து வைத்திருக்கிறார்கள், வரைபடம் மாற்றிக்கொண்ட வெள்ளவத்தைத் தமிழ்ப் பெண்ணைத் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். இன்டர்நெட் கடைக் கொப்பியில் என் இலக்கம் நாள் தவறாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. அன்று மாலை அந்தக் கடைக்குப் போகவில்லை. அலுவலகத்திலேயே எல்லோரும் போகும்வரை இருந்து, அவர் எனக்கு எழுதிய செய்திகள் முழுவதையும் தெரிவுசெய்து அழித்தேன். அறுபதுக்கும் மேல் இருந்தன. நிச்சயமாக அழிக்கவா என்று தளம் ஒரு தரம் கேட்டது. ஓம் என்று அழுத்தினேன்.

நான்கு நாள் கழித்து அலுவலகத் தொலைபேசிக்கு ஒரு பெண் பேசினார்.

"வெள்ளவத்தையில இருக்கிற மிஸ்ஸா? நான் அவனோட அக்கா பேசுறேன். உங்க ஆபீஸ் பேரு அந்தத் தளத்துல போட்டிருந்துச்சு."

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் தங்கியிருந்த விடுதி, அந்தோனியார் கோயிலுக்குப் போகும் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். நாலு கட்டில் போட்ட அறை. மற்ற மூவரும் என்னைக் கண்டு வெளியே போய் நின்றார்கள். அக்கா தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தம்பியின் கட்டிலில் சேலைத் தலைப்பை மடியில் சுருட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை என்றார். பொலிசில் சொல்லியாயிற்று. எங்கே போனான், யாரைப் பார்க்கப் போனான் என்று அவர்கள் கேட்கிறார்கள். அறையிலிருந்த பொடியன்களுக்கு, வேலை விசயம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

"அவன் கொப்பியில பாஸ்வேர்ட் எழுதியிருந்தான். கடையில ஒருத்தர் தொறந்து குடுத்தாரு. உங்க செய்தி வந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சந்தான் வரும். யாருன்னு கேட்டு எழுதினேன், நீங்க பதில் போடல."

அந்த மூன்று சொல்லும் இவருடையவை.

"அவன் எழுதினது ஒண்ணும் அதுல இல்ல மிஸ். வந்தது மட்டுந்தான் இருக்கு. அனுப்பினது வாங்கினவங்ககிட்டத்தான் இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரு. கடைசியா உங்களுக்கு என்ன எழுதினான்?"

சொன்னேன். இரத்மலானை, திங்கட்கிழமை, வளைகுடாக் கம்பனி, வரைபடங்கள். அவர் ஒரு துண்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

"கூப்பிட்ட ஆளோட பேரு?"

"எழுதியிருந்தார்."

"அதைக் கொஞ்சம் காட்டுங்க மிஸ்."

பயத்தில் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பென்சிலைக் கீழே வைத்தார். "பயந்தானே. நானும் அந்தக் கடையில பயந்துகிட்டுத்தான் உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு மறுபடி பென்சிலை எடுத்தார்.

"நான் பேரா சொல்றேன். எதாவது ஞாபகம் வருதான்னு பாருங்க."

தமிழ்ப் பெயர்கள், சிங்களப் பெயர்கள், முஸ்லிம் பெயர்கள். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லி, என் முகத்தைப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் செய்தியை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். வரிகள் தெரிந்தன. பெயர் இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் சொல்லும் ஒவ்வொரு பெயரும் அதுதான்போல இருக்கத் தொடங்கியது. பிழையான ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று ஒன்றையும் ஆம் என்று சொல்லவில்லை.

போகும்போது கேட்டார். "இப்ப சொன்னதைப் பொலிசுல வந்து சொல்லுவீங்களா?"

"எனக்கு விசா வந்திட்டுது அக்கா. இன்னும் பன்னிரண்டு நாளில போறன்."

அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. சந்து முனைவரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

டோகாவில் எனக்கு நல்ல வேலை. அவர் வாங்கித் தந்த வேலை என்றே நினைத்துச் செய்தேன். தளத்துக்குப் போவதையும் நிறுத்த முடியவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அவருடைய பழைய பதில்களைத் தேடி எடுத்து வாசித்து, "நன்றி சகோதரரே, மிகத் தெளிவு" என்று கீழே எழுதிவிட்டுப் போவார்கள். சிலர் அவரிடமே புதுக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். முதல் வருடம் அவற்றைப் பார்த்ததும் மூடிவிடுவேன். பிறகு ஒரு நாள், மண் வெட்டும் கணக்குப் பற்றி அவரிடம் ஒருவன் மூன்றாம் முறையாகக் கேட்டிருப்பதைக் கண்டு, "அவர் இப்போது வருவதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று எழுதினேன். எழுதி முடித்தபோது அது அவருடைய வசனங்களாகவே இருந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அழித்த செய்திகள் எங்காவது பிரதியாக இருக்குமா என்று தளத்தை நடத்தியவர்களுக்கு எழுதினேன். விசயத்தை முழுவதும் விளக்கினேன். மரியாதையான பதில் வந்தது. உறுப்பினர் அழித்ததை நாங்கள் வைத்திருப்பதில்லை, மிகவும் வருந்துகிறோம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, காணாமல் போனவர்கள் பற்றி விசாரிக்க ஒரு குழு உட்கார்ந்தது. அக்கா அறிவித்தார், வா என்று சொல்லவில்லை. நான் லீவு எடுத்து வந்தேன். மண்டபம் முழுக்கப் பெண்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம். எங்கள் முறை வந்தபோது என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நானே சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அழித்ததையும் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கேட்டார், எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று.

"இல்லை" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அவர் இன்றுவரை வரவில்லை. யார் கூப்பிட்டது என்றும் தெரியவில்லை. அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில், ஒப்பந்தக்காரர்களின் பட்டியல்களில், சில பெயர்களைக் காணும்போது இதுதானோ என்று தோன்றும். எழுதிவைத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது வெறும் பெயராக இருக்கும்.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். மாதம் ஒரு தரம் போன் எடுப்பார். மழை, முழங்கால் வலி, பழைய மாணவி ஒருத்தி பல்கலைக்கழகம் போனது எல்லாம் சொல்வார். அந்தப் பெயரைப் பற்றி அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு நாளும் கேட்டதில்லை. போனை வைக்குமுன் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். நானும் பொறுத்திருப்பேன். பிறகு, "சரி மிஸ், சாப்பிடுங்க" என்று வைத்துவிடுவார்.