வெட்டியெறிந்த சத்தம்

நீங்கள் குடியிருக்கும் வீட்டின் தரையில் ஒரு நாளாவது காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கென்ன பைத்தியமா என்று கேட்பீர்கள். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பன்னிரண்டு குடும்பங்கள் பத்து மாதமாகத் தரைக்கடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. கேட்டுவிட்டுக் கற்பூரம் ஏற்றின.

அந்தச் சத்தத்துக்கு அவர்கள் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: இராமையா.

இராமையா மேல் லயத்துத் தப்புக்காரர், தப்பு என்கிற தோல்பறை அடிப்பவர். போன வருஷம் ஜூன் மழையில் மேல் லயத்தின் ஆறு காம்பராக்கள், ஓரறை வீடுகள், மலையோடு சேர்ந்து இறங்கியபோது செத்த ஏழு பேரில் ஒருவர். கீழ் லயத்துக்கு இருபது கஜம் தள்ளி மண் நின்றது. இராமையாவின் உடல் கிடைத்தது, தப்பு கிடைக்கவில்லை. தப்பு மண்ணுக்குள்ளே கிடக்கிறது, அதை அடிக்க மனுஷன் வருகிறான் என்று சொல்ல லயத்துக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. தும்... தும்தும்... பிறகு ஒரு நீண்ட மௌனம். பிறகு மறுபடியும். பிள்ளைகள் தரையில் படுக்க மறுத்தார்கள்.

பூசைக்குத் தோட்ட நிர்வாகம் ஒரு சேவலும் ஐந்து தேங்காயும் அனுப்பி வைத்தது. மண்ணைச் சோதிக்க ஓர் ஆளை அனுப்பவில்லை. சேவல் மலிவு.

கஜேந்திரன் பிறந்தது இதே கீழ் லயத்தில், ஏழாம் காம்பராவில். தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாத அந்த வரிசையில், அடுத்த வீட்டில் ஒருவர் புரண்டு படுத்தாலும் இவனுக்குத் தெரியும். யாருக்கு இருமல், யார் சண்டை, யார் அழுதுவிட்டு மூக்கைச் சிந்துகிறார்கள் என்று சுவரைப் பார்த்தபடியே சொல்வான். அந்தக் காதுதான் அவனுக்குச் சோறு போட்டது. பதினைந்து வயதில் ஹட்டன் சவுண்ட் சர்விஸ் ஒன்றில் பெட்டி தூக்கப் போனான். முப்பத்தெட்டு வயதில் ஹட்டன் பேக்கரி ஒன்றின் மாடியில் அவனுக்குச் சொந்தமாக ஒரு சிறு கடை இருக்கிறது: ஸ்பீக்கர் பழுது பார்ப்பான், கோயில் திருவிழாக்களைப் பதிவு செய்வான், கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஹெட்போன் தேர்ந்து கொடுப்பான்.

கேட்கத் தெரிந்தவர் ஒருவர் ஏப்ரல் மாதம் படியேறி வந்தார். ஜெயமலர் டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் பதினைந்து வருஷம் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, மகன் வெளிநாட்டில இருந்து காசு அனுப்பியிருக்கிறான். நல்ல ஹெட்போன் ஒண்டு வேணும். காதை அடைச்சுப் பிடிக்கிறது வேண்டாம், எனக்கு மூச்சு முட்டும்."

"அப்படின்னா பின்பக்கம் திறந்ததுதான் டீச்சர். கிண்ணத்துக்குப் பின்னால மூடி இருக்காது, வெறும் வலைதான். சத்தம் தாராளமா நடமாடும். ஆனா நீங்க கேக்கிறது பக்கத்து ஆளுக்கும் கேக்கும், பக்கத்துல நடக்கிறது உங்களுக்கும் கேக்கும்."

"கேட்டாக் கேட்கட்டும். வீணை, நாதஸ்வரம், பழைய பாட்டு. எல்லாத்துக்கும் ஒண்டு காணும்."

"எல்லாத்துக்கும் ஒண்ணு கிடையாதுங்க டீச்சர். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஒரே சட்டையா?"

டீச்சர் சிரித்துவிட்டார். கொழும்புக் கடையொன்றிலிருந்து மூன்று ஹெட்போன்களை நான்கு நாளில் திருப்பித் தருவதாக வாங்கி வந்தான் கஜேந்திரன்.

ஆனால் எங்கே வைத்துக் கேட்பது? கடைக்குக் கீழே பஸ் ஹாரன். திறந்த ஹெட்போனுக்கு அமைதியான அறை வேண்டும். காலை பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து முடிந்து எல்லோரும் மலையேறிவிட்டால் லயத்தைப் போல அமைதியான இடம் வேறு கிடையாது. தங்கை வினோதா இருப்பது அதே ஏழாம் காம்பராவில். புதன்கிழமை பத்து மணிக்குப் பையோடு போய்ச் சேர்ந்தான். அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள்.

முதல் ஹெட்போன் வெள்ளி வலை போட்டது. நாதஸ்வரத்தைப் போட்டதும் சுவர்கள் விலகின. வாசித்தவர் கோயில் வீதியில் பத்தடி தள்ளி நின்றார், தவில் வலப்பக்கம், சங்கு எங்கோ மூலையில். ஆனால் அதிலேயே ஒரு பாட்டுக்காரியைக் கேட்டால் அவளும் தூரத்தில் நின்றாள், கடிதம் படிப்பதுபோல. இரண்டாவது, மரக் கிண்ணம். அதில் குரல் மடியில் வந்து உட்கார்ந்தது. வீணைத் தந்தியில் விரல் இழுபடுவதுகூடக் கேட்டது. நாதஸ்வரமோ நெரிசலில் திணறியது. கொப்பியில் குறித்துக்கொண்டான்.

மூன்றாவது கனமானது, கழுத்தை வலிக்க வைப்பது. உள்ளே கூம்புக்குப் பதிலாக ஒரு தட்டைச் சவ்வு. அடியோசையில் இதை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சோதிக்கத் தோல் கருவி வேண்டும். அவனிடம் இருந்தது.

இராமையா சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, மேல் லயத்தில் அவருடைய காம்பராவிலேயே உட்கார வைத்து, தப்பை நெருப்பில் காட்டி, நாற்பது நிமிஷம் அடிக்க வைத்துப் பதிவு செய்திருந்தான். சாவு வீட்டில் ஊரே கேட்டு அழுதது அந்தப் பதிவைத்தான். ஆனால் அது சுத்தம் செய்த பதிவு. மூலப் பதிவில் அடியில் ஏதோ ஓர் உறுமல் இருந்தது. மழை, இல்லாவிட்டால் ஏதாவது மெஷினாக இருக்கும் என்று நினைத்துக் கீழோசையை வெட்டியெறிந்திருந்தான். வெட்டிய பதிவால் ஹெட்போனைச் சோதிக்க முடியாது. மூலத்தைப் போட்டான்.

தப்பு வந்தது. குச்சி தோலில் படுகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் கீழே, தாளத்தோடு சேராமல், இன்னொன்று. தும். தும்தும். ஒரு கொப்பளிப்பு. மறுபடி தும்.

கஜேந்திரன் பதிவை நிறுத்தினான்.

தப்பு நின்றது. மற்றது நிற்கவில்லை.

கருவி பழுதென்று வயரைப் பிடுங்கினான். வயர் கையில் தொங்கியது. தும். தும்தும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனும் நம்பினான். "மாமா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டும் விட்டான். பிறகுதான் காதில் மாட்டியிருப்பது எது என்பது நினைவுக்கு வந்தது. பின்பக்கம் திறந்தது, பக்கத்தில் நடப்பதெல்லாம் கேட்கும். சத்தம் பதிவிலிருந்து வரவில்லை. அவன் உட்கார்ந்திருந்த சிமெந்துத் தரையிலிருந்து வந்தது.

தரையில் குப்புறப் படுத்துக் காதை ஒட்டினான். தண்ணீர். மலையின் வயிற்றுக்குள் வழி பறித்து, கல்லில் மோதி, மண்ணைத் தின்று போகிற தண்ணீர். மேல் லயத்தில் சரிவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே கேட்டது இதுதான். அவன் கையில் இருந்தது. இரைச்சல் என்று வெட்டியெறிந்தவன் அவன். அந்த ஏழு பேரும் ஒவ்வொருவராக அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வினோதா வந்தபோது அவன் இன்னும் தரையில்தான் கிடந்தான்.

"என்னண்ணே, தலையில ரெண்டு கொழுந்துக் கூடையைக் கவுத்துக்கிட்டுப் படுத்திருக்க? குடிச்சிருக்கியா?"

"இந்தத் தரைச் சத்தம் எப்ப இருந்து வினோதா?"

"ராமையா மாமாவா? அவரு பத்து மாசமா அடிக்கிறாரு. வெள்ளிக்கிழமை சோறு வச்சா அடங்கும்."

"வெள்ளிக்கிழமை அடங்குதா, மழை விட்ட நாள்ல அடங்குதா?"

அவளுடைய உதடு மட்டும் அசைந்தது; நாட்களை எண்ணிப் பார்த்தாள். அவன் ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, மூலப் பதிவைப் போட்டான்.

"தப்புக்கு அடியில என்ன கேக்குது?"

"அதே சத்தம்."

"இதை அடிச்சப்ப மாமா உசிரோட என் முன்னால உக்காந்திருந்தாரு. உசிரோட இருக்கிற மனுஷன் தன் காலுக்கடியிலயே பேயா இருப்பாரா?"

வினோதா ஹெட்போனைக் கழற்றிப் பாயில் வைத்தாள். "அப்ப இத்தனை நாளா நாங்க தண்ணிக்கா சோறு வச்சோம்?" என்றாள். குரலில் பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

அன்று பின்னேரமே இருவரும் தோட்டக் காரியாலயத்துக்குப் போனார்கள்.

"என்னடா, பாட்டுப் போட்டுக் காட்ட வந்தியா?" என்றார் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா.

"பாட்டு இல்லைங்க. கீழ் லயத்துக்கு அடியில தண்ணி ஓடுது."

"பூசைக்குச் சாமானெல்லாம் குடுத்தோமே. ராமையா இன்னும் அடங்கலையா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கஜேந்திரன் பதிவின் தேதியைக் காட்டினான். மண் சரிந்த தேதியைச் சொன்னான். முன்னறிகுறி எதுவும் இருக்கவில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தது இதே காரியாலயம்தான் என்பதையும் சொன்னான். சிரிப்பு நின்றது.

"எழுதிக் குடுத்துட்டுப் போ. மேலிடத்துக்கு அனுப்புவோம்."

"மழை அனுமதி கேட்டுக்கிட்டா வரும்?" என்றாள் வினோதா.

வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டு குடும்பத்தையும் கேட்க வைத்தாள். முதலில் மூலப் பதிவு, பிறகு தரை. ஒரு கிழவர் மட்டும் ஹெட்போனோடு கும்பிட்டார். மற்றவர்கள் பெட்டி கட்டினார்கள். பிள்ளைகளைப் பகலில் விட்டுப் போகும் பிள்ளை மடுவம், சரிவிலிருந்து விலகிய ஒரு மேட்டில் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைத்தது வினோதாதான், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பின்புறத்தால்.

நான்காம் நாள் டீச்சர் கடைக்கு வந்தார். மூன்றையும் மாட்டிப் பார்த்தார். மரக் கிண்ணத்தில் வீணை கேட்டுக் கண்ணை மூடினார். அதைத்தான் எடுப்பார் என்று நினைத்த கஜேந்திரன், நடந்ததைச் சொல்லி மூன்றாவதில் இராமையாவைப் போட்டான். நாற்பது நிமிஷமும் அவர் அசையவில்லை.

"இதையே தாரும் தம்பி."

"வீணைக்கு இது அவ்வளவு..."

"வீணை எனக்குத் தெரியும். பதினைஞ்சு வருஷம் இந்த ஊரில சங்கீதம் படிப்பிச்சன். ஒரு நாளும் தப்பைச் சங்கீதம் எண்டு ஒரு பிள்ளைக்கும் சொல்லேல்லை. நானும் வெட்டித்தான் எறிஞ்சிருக்கிறன்."

இப்போது ஜூன். மழை தொடங்கிவிட்டது. பன்னிரண்டு குடும்பங்களும் பிள்ளை மடுவத்தில், புடவைகளால் மறைப்புக் கட்டி இருக்கிறார்கள். லயம் இன்னும் விழவில்லை. விழாததையே சாட்சியாக வைத்து, மாத முடிவுக்குள் திரும்பிப் போகாவிட்டால் வேலைப் பதிவில் பேரை வெட்டுவோம் என்று காரியாலயம் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஞாயிறுதோறும் கஜேந்திரன் ஆளில்லாத ஏழாம் காம்பராவில் ஒலிவாங்கியைத் தரையில் வைத்துப் பதிவு செய்கிறான். முன்பு தும்தும் என்பதற்கிடையே மௌனம் இருந்தது. இப்போது இல்லை.

உங்கள் லயத்திலும் இப்படிப் பேர் வைத்த சத்தம் ஒன்று இருக்கலாம். தேங்காய் உடைக்கும் முன் தரையில் காதை வையுங்கள். கேட்டதைப் பதிவு செய்யுங்கள், தேதி போடுங்கள், எதையும் இரைச்சல் என்று வெட்டாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள்; பன்னிரண்டு வீடும் சேர்ந்து போங்கள். இன்றைக்கே போங்கள், மழை பெய்கிறது.