உங்கள் அம்மா சொல்ல வைத்திருந்த வரி

ஒற்றைத் தேயிலைக் கொழுந்தை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு உங்கள் அம்மா அதனிடம் ஆங்கிலம் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். "திஸ் இஸ் எ லீஃப்" என்பாள். கை நிறையக் கிள்ளிச் சேர்த்ததும், "தீஸ் ஆர் லீவ்ஸ்." பள்ளத்துக்கு அப்பால் தெரியும் நம் லயன் வரிசை வீடுகளைக் கண்ணாலேயே காட்டி, "தோஸ் ஆர் ஹவுசஸ்." அடுத்த வரிசையில் கொழுந்து பறித்த அக்கா ஒருத்தி, "ஏம்புள்ள, லீவ்ஸு லீவ்ஸுங்கறியே, லீவு வேணும்னா தொரைகிட்டப் போயிக் கேளு" என்று கத்த, சரிவு முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

பாப்பா, உன்னை ஊட்டியில் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குச் சேர்க்க முயன்ற நேரம் அது. தம்பி அப்போது கைக்குழந்தை. பெற்றோர் இருவரையும் நேரில் பார்த்துப் பேசித்தான் இடம் கொடுப்பார்கள் என்றார்கள். நான் எட்டாவது வரை போனவன். அம்மா ஐந்தோடு நின்றவள். தன் பிள்ளைக்காகத் தன் வாயாலேயே ஒரு வரி பேசிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நீதான் உன் புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தாய். ஒன்று என்றால் இப்படி, பல என்றால் அப்படி என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். என்னைப் பற்றிச் சொல்ல வந்தபோதுதான் இடறியது. "தீஸ் ஆர் மை ஹஸ்பெண்ட்" என்றாள். "ஏம்மா, அப்பா ஒருத்தர்தானே!" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஒங்கப்பாவப் போயி ஒத்தக் கொழுந்தாட்டம் சொல்லறதா? மருவாதையாச் சொல்ல வேண்டாமா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அங்கே போய் இப்படிச் சொல்லி, இடம் கிடைக்காமல் போய்விட்டால்?

எஸ்டேட் ஆபீசில் மேனேஜர் துரை எதைக் கேட்டாலும் புருஷன்தான் பதில் சொல்வான்; பெண்சாதி ஓரடி பின்னால் நிற்பாள். அது எங்கள் பழக்கம். அவளுடைய பிரசவ லீவைக்கூட நான்தான் கேட்டு வாங்கினேன். பள்ளிக்குப் போன அன்று எமரால்டு ஊரில் பஸ் ஏறியதும், "நீ ஒண்ணும் பேசாத, நான் பாத்துக்கறேன்" என்றேன். "ஒரே ஒரு வரிதானுங்க. சரியாச் சொல்லிருவேனுங்க" என்றாள். நான் டிக்கெட் எடுக்கத் திரும்பிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரின்சிபால் மேடம் நல்லவர். என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, உங்க குடும்பத்தப் பத்தி" என்று சிரித்தபடி கேட்டார். அம்மா எழுந்து நின்றாள். உன் தோளில் கையை வைத்து, "திஸ் இஸ்" என்று தொடங்கினாள். சரியாகத்தான் தொடங்கினாள், பாப்பா. நான் குறுக்கே விழுந்து, "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம்" என்றேன். அவள் கை கொஞ்ச நேரம் உன் தோளிலேயே இருந்தது. அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

உனக்கு இடம் கிடைத்தது. ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். ஆனால் அந்தப் பள்ளி வாசலை அவள் மறுபடி மிதிக்கவே இல்லை. மீட்டிங், ஆண்டு விழா எதுவானாலும், "நீங்களே போயிட்டு வாங்க" என்பதோடு சரி. "அம்மாவுக்கு எங்க ஸ்கூலே புடிக்காதாப்பா?" என்று போன வாரம் நீ கேட்டாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்குப் பிடித்திருந்தது. வாயை அடைத்தவன் நான்.

போன மழைக்காலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் குனிந்து, "எங்க வலிக்குதும்மா?" என்று அவளைத்தான் கேட்டார். அவள் வாய் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். எங்கே வலிக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகளா. "நீயே சொல்லு" என்று கெஞ்சினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.